ஏழு வயசுப் பிள்ளைக்கு முட்டத்தில் ஷூட்டிங்: குழந்தை நட்சத்திரம் நீடிச்சு நிக்க என்ன வேணும்?

நெய்யூர்க்காரன் கேட்டது:

அக்கா மகளுக்கு ஏழு வயசு, ரெண்டாம் வகுப்பு. ஒரு தமிழ்ப் படத்துக்குத் தேர்வாகியிருக்கா. மொத்தம் 18 நாள் கால்ஷீட், ரெண்டு ஷெட்யூல், நடுவில் நாலு மாசம் இடைவெளி. நம்ம குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் பாதி, தக்கலை பக்கம் ஒரு பழைய வீட்டில் கொஞ்சம், கடைசி மூணு நாள் கேரளத்துக் கோவளம். சம்பளம் 2 லட்சம்னு பேச்சு. இன்னும் எதிலும் கையெழுத்துப் போடலை.

அத்தான் இப்பவே "கமலும் இந்த வயசில்தான் ஆரம்பிச்சார்"னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அக்காவுக்கு இந்த ஒரு படத்தோட முடிஞ்சாப் போதும். ரெண்டு பேருக்கும் நடுவில் நான்தான் விசாரிச்சுச் சொல்லணும். மூணு விஷயம் தெரியணும்.

ஒண்ணு, குழந்தையா ஆரம்பிச்சு நீண்ட காலம் நின்னவங்க நடுவில் என்ன செஞ்சாங்க? "திறமை, உழைப்பு"ன்னு பொதுவாச் சொல்ல வேண்டாம், வருஷ வாரியாச் சொல்லுங்க. ரெண்டு, காகிதம்: யார்கிட்ட அனுமதி, யார் வாங்கணும், பணம் எப்படி வரணும்? மூணு, செட்டில் எது கெட்டுப்போகும், நாம எதைக் கவனிக்கணும்?

பழைய ரீல் எழுதியது:

உங்க அத்தான் சொல்லும் ஆளையே எடுத்துக்குவோம். கமல் பிறந்தது 1954 நவம்பர் 7. 'களத்தூர் கண்ணம்மா' வந்தது 1960 ஆகஸ்ட் 12. ஆறு வயசு நிறையலை, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைச்சாச்சு. அப்புறம் 1962, 63 ரெண்டே வருஷத்தில் 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை', மலையாளத்தில் 'கண்ணும் கரளும்', 'வானம்பாடி', 'ஆனந்த ஜோதி'. சிறுவனா நடிச்சது மொத்தம் ஆறு படம். ஜெமினி, சிவாஜி, எம்.ஜி.ஆர். மூணு பேர் கூடவும் நடிச்சு முடிச்சப்போ அவருக்கு ஒன்பது வயசு ஆகலை.

அதோட நின்னுபோச்சு. மறுபடி திரையில் தலை காட்டுறது 1970-ல், 'மாணவன்' படத்தில் ஒரு நடனத்துக்கு. இடையில் ஏழு வருஷம். தொடக்கத்தையும் முடிவையும் எல்லாரும் பேசுவாங்க, இந்த ஏழு வருஷத்தைத்தான் தாண்டிப் போயிருவாங்க. பெத்தவங்க பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்பது வயசுக்கும் பதினஞ்சுக்கும் நடுவில் சினிமாவில் வேஷம் கிடையாது. மடியில் தூக்கி வச்சுக் கொஞ்ச முடியாது, காதலிக்கவும் வைக்க முடியாது. பையன்னா மகரக்கட்டு வேற, குரல் உடையும். பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் நல்லாப் பாடி ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்டுக்கிட்டிருந்த பையனுக்குத் தொண்டை உடைஞ்சா, அடுத்த நாள் முதல் அவன் கூட்டத்தில் ஒருத்தன். சினிமாவில் அந்தப் பிரச்சனை பாட்டில் தெரியாது. சின்னப் பிள்ளைங்க வாயசைக்கிற பாட்டுக்கு அப்பல்லாம் எம்.எஸ்.ராஜேஸ்வரி மாதிரி பெரியவங்கதான் குரல் கொடுத்தாங்க. வசனத்தில் தெரிஞ்சுரும்.

கமல் அந்த இடைவெளியில் சேர்ந்தது அவ்வை டி.கே.சண்முகத்தின் நாடகக் குழு. 1925-ல் பால சண்முகானந்த சபாவாத் தொடங்கி டி.கே.எஸ். சகோதரர்கள்னு பேர் வாங்கின கம்பெனி. நம்ம ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் தொழில் பழகினதும் அவங்ககிட்டதான். நாடகத்தில் ரீடேக் கிடையாது. வசனம் மறந்தா மறுபக்கம் நிக்கிறவன் காப்பாத்தணும், கடைசி பெஞ்சு வரைக்கும் சொல் போகணும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறும் வயசு அது. கூடவே பரதம், அப்புறம் நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளர் வேலை. தங்கப்பன் 1971-ல் 'அன்னை வேளாங்கண்ணி' இயக்கினப்போ அதில் உதவியாளராவும் இருந்து, சின்ன வேஷமும் போட்டார்.

நடன உதவியாளர்னா என்ன வேலைன்னு பார்த்துக்கோங்க. நாயகனுக்கு அசைவு சொல்லிக் கொடுக்கணும். கேமரா எங்கே நிக்குது, எந்த அடியில் ஷாட் வெட்டுவாங்க, பிளேபேக் எந்த வரியில் தொடங்குதுங்கிறதெல்லாம் மனசில் இருக்கணும். முகத்துக்கு மவுசு போன பிறகும் கையில் ஒரு தொழில் இருந்தது, அந்தத் தொழில் அவரை ஸ்டூடியோவை விட்டு வெளியே போக விடலை.

அப்புறம்தான் 1973-ல் பாலசந்தரின் 'அரங்கேற்றம்'. நாயகனா முதல் படம் தமிழில் இல்லை. 1974-ல் மலையாளத்தில், பேரே 'கன்னியாகுமரி'. எம்.டி.வாசுதேவன் நாயர் எழுத்து, சேதுமாதவன் இயக்கம். நம்ம கடற்கரைக் கதை, அவருக்குச் சிற்பி வேஷம். ஃபிலிம்பேர் விருதும் வந்தது. முதல் படத்திலிருந்து கணக்குப் போட்டா 14 வருஷம். 'அபூர்வ ராகங்கள்' 1975. நூறாவது படம் 'ராஜபார்வை' 1981, அதுவே சொந்தத் தயாரிப்பு. பெரியவரா முதல் தேசிய விருது 'மூன்றாம் பிறை' 1982. பிறகு நடந்தது ஊரறிஞ்சது: 'நாயகன்', 'அபூர்வ சகோதரர்கள்', 'மகாநதி', 2022-ல் 'விக்ரம்', 2025-ல் மாநிலங்களவை. 1996-ல் பொம்பளை வேஷம் கட்டின படத்துக்கு 'அவ்வை சண்முகி'ன்னு பேர் வச்சது சும்மா இல்லை. அவ்வை வேஷத்தால் பேர் வாங்கின வாத்தியாருக்கு அது மரியாதை.

அத்தானிடம் இப்படிக் கேளுங்க: ஒன்பது வயசில் வாய்ப்பு நின்னா, பதினஞ்சு வரைக்கும் பிள்ளை எதைப் படிக்கும்? பதில் இருந்தாக் கமல் பேரை எடுக்கலாம்.

ஒழுகினசேரி எழுதியது:

ரீல் அண்ணாச்சி சொன்னது ஆம்பளைப் பிள்ளைக் கணக்கு. இங்கே கேட்டிருக்கிறது பொம்பளைப் பிள்ளைக்கு. அங்கே அந்த ஏழு வருஷ இடைவெளியே கிடைக்காது, கிடைக்க விடவும் மாட்டாங்க.

ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட். 1967-ல் 'கந்தன் கருணை'யில் முருகன், 1969-ல் 'துணைவன்', 1971-ல் மலையாளத்தில் 'பூம்பாட்டா', அதுக்குக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. 'மூன்று முடிச்சு' வந்த 1976 அக்டோபரில் வயசு 13. நாயகி, அதுவும் கல்யாணமான பொம்பளை வேஷம். அடுத்த வருஷம் 'பதினாறு வயதினிலே'. குழந்தை வேஷத்திலிருந்து நாயகிக்கு நேரா ஒரே தாவு. 2017 'மாம்' வரைக்கும் அரை நூற்றாண்டு நின்னாங்க, அந்தப் படத்துக்குத் தேசிய விருது இறந்த பிறகு வந்தது. அவ்வளவு பெரிய ஆள்தான். ஆனா 13 வயசுப் பிள்ளைக்கு அப்படி வேஷம் கொடுக்கிற வழியை இன்னிக்கு யாரும் பின்பத்தக் கூடாது. யாராவது "பிள்ளை வளர்ந்த மாதிரி தெரியுது, அடுத்த படத்தில் பெரிய வேஷம் பார்க்கலாம்"னு சொன்னா, அந்த ஆபீசுக்கு மறுபடி போகாதீங்க.

மீனா 'அன்புள்ள ரஜினிகாந்த்' 1984-ல் குழந்தை, 1993 'எஜமான்'ல அதே ரஜினிக்கு ஜோடி. நடுவில் 1991 'என் ராசாவின் மனசிலே'. தமிழ், தெலுங்கு, மலையாளம்னு பல மொழியில் கால் வச்சதால ஒரு பக்கம் காஞ்சாலும் இன்னொரு பக்கம் ஓடிச்சு. ஷாலினி 1983-ல் மலையாளத்தில் அலை மாதிரி வந்து, ஒதுங்கி, 1997-ல் நாயகியாத் திரும்பி, 2001-க்குள் தானே நிறுத்திக்கிட்டாங்க. தங்கை ஷாமிலிக்கு 'அஞ்சலி' 1990-ல், தேசிய விருது. பெரியவளாகி வந்த படங்கள் ஒட்டலை, ஓவியத்துக்குப் போயிட்டாங்க. இதில் எதுவும் தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடிச்ச உதாரணம் சச்சு. ஐம்பதுகளில் பேபி, 1962 'வீரத் திருமகன்'ல நாயகி, 1964 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷுக்கு ஜோடியா நகைச்சுவை. நாயகி ஆனவங்க ரெண்டே வருஷத்தில் காமெடிக்கு இறங்குறதை அந்தக் காலத்தில் யாரும் விரும்ப மாட்டாங்க. அவங்க இறங்கினாங்க, அதில்தான் பல பத்தாண்டு ஓடிச்சு, பிறகு நாடகம், சின்னத்திரை. குட்டி பத்மினி 'குழந்தையும் தெய்வமும்' 1965-ல் ரெட்டைப் பிள்ளை வேஷம்; பிற்பாடு சீரியல் தயாரிப்புக்குப் போயிட்டாங்க. நீடிச்சவங்க யாரும் முதல் வேஷத்தையே பிடிச்சுத் தொங்கலை. அதுவரைக்கும் ரீல் அண்ணாச்சி சொன்னதோட எனக்கும் ஒத்துப்போகுது.

கால்ஷீட் எழுதியது:

ரெண்டாவது, மூணாவது கேள்விக்கு வாறேன்.

முதல்ல சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986, 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயசுக்குக் கீழே எந்த வேலையும் தடை. கலைஞராப் பங்கெடுக்கிறது விதிவிலக்கு, அதுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2017 விதிகளில் 2சி-ன்னு இருக்கும், அச்செடுத்துக் கையில் வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாம 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்தாப்ல 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் பாடம் விட்டுப்போகாம ஏற்பாடு செய்யணும். ஐஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர் வீதம் பொறுப்பாள் நியமிக்கணும். பிள்ளைக்கே இஷ்டமில்லைன்னா நடிக்க வைக்கக் கூடாது.

அனுமதி வாங்க வேண்டியவர் தயாரிப்பாளர். நீங்க இல்லை. படம் எடுக்கிற மாவட்டத்தின் கலெக்டர்கிட்ட படிவம் சி-யில் உறுதிமொழி, பிள்ளைங்க பட்டியல், பெத்தவங்க சம்மதம், பொறுப்பாள் பேர் எல்லாம் ஷூட்டிங் தொடங்கும் முன்னாடி கொடுக்கணும். மேனேஜர் "போலீஸ் பர்மிஷன் இருக்கு, பஞ்சாயத்துல சொல்லியாச்சு"ன்னு சொன்னா அது வேற சங்கதி, கேட்டியளா? கலெக்டர் அனுமதி நகலைப் பார்த்துட்டுப் பிள்ளையை அனுப்புங்க. சட்டத்தை மீறி வேலை வாங்கினா 6 மாசம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், 20,000 முதல் 50,000 வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால ஒழுங்கான கம்பெனி நகல் காட்டத் தயங்காது.

உங்களுக்கு முக்கியமான ஒண்ணு: அந்த உறுதிமொழி ஆறு மாசத்துக்குத்தான் செல்லும். ரெண்டு ஷெட்யூலுக்கு நடுவில் நாலு மாசம்னு சொல்றீங்க. மழையில் ஒரு தடவை தள்ளிப்போனாலே ஆறு மாசம் ஓடிரும். ரெண்டாவது ஷெட்யூலுக்கு முன்னாடி தேதியைப் பார்த்து, தாண்டியிருந்தாப் புதுசா வாங்கச் சொல்லுங்க.

இனி முட்டம். 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' எடுத்த இடம்னு எல்லா இயக்குநருக்கும் அங்கே ஒரு ஆசை. பாறை மேல் பிள்ளையை நிக்க வச்சு அலை அடிக்கிற ஷாட் கேப்பாங்க. பாசி பிடிச்ச பாறையில் செருப்பில்லாம நிக்கிறதும் வழுக்கும், ரப்பர் செருப்போட நிக்கிறதும் வழுக்கும். அப்படி ஷாட் இருந்தா இடுப்புக் கயிறு, பிரேமுக்கு வெளியே ரெண்டு நீச்சல் ஆள், அதுவும் ஊர்க் கடல்காரங்களா இருக்கணும்னு முன்கூட்டியே சொல்லிருங்க. ஏப்ரல், மே மாசம் கள்ளக்கடல் பொங்கும். காத்தில்லை, வானம் தெளிவு, ஆனாத் திடீர்னு தண்ணி கரையேறும். இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்தோட எச்சரிக்கை வந்த நாள் கடல் ஷாட் வேண்டாம். ஜூன் முதல் தென்மேற்குக் காத்து, கடல் எப்பவுமே கொந்தளிப்பு. அந்த நேரத்தில் தூரத்து ஷாட்டுக்கு வேற ஆளை வச்சு எடுத்துட்டு, பிள்ளையோட குளோசப்பை மணலில் எடுக்கலாம். நல்ல ஒளிப்பதிவாளருக்கு இது புதுசில்லை.

ஐஞ்சு மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னா: ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரை, சாப்பாடு, பத்து முதல் பதினொண்ணு, அப்புறம் மூணரை முதல் ஐஞ்சரை. கடற்கரையில் பன்னிரண்டு முதல் மூணு வரை டாப் லைட், முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். யூனிட்டே அப்போ சாப்பாட்டுக்கு ஒதுங்கும். அந்த நேரம் பிள்ளை தூங்கட்டும், வேனில் இல்லை, ஃபேன் உள்ள ரூமில். மேக்கப் நாற்காலியில் உட்கார்ற நேரத்தையும் ஐஞ்சு மணிக்குள் சேர்க்கணும்னு ஒப்பந்தத்தில் எழுதிக்கோங்க. விதியில் அது தெளிவா இல்லை, எழுதினாச் சண்டை மிச்சம். ராத்திரி ஷாட் கிடையாதுன்னும் எழுதுங்க. சூரிய உதயமும் அஸ்தமனமும் ஒரே நாளில் கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. மணிக் கணக்கு ஐஞ்சுக்குள் நின்னாலும், நாலு மணிக்கு எழுப்பின பிள்ளை சாயங்காலம் நடிக்காது, அழும்.

நடிப்பில் கெடுக்கிறது பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அத்தான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்னு கையைக் காலை ஆட்டிச் சொல்லிக் கொடுத்தா, பிள்ளையோட பார்வை எதிரே நடிக்கிறவங்களை விட்டு அவர் மேல் போகும். லுக் தப்பும், டேக் மேல் டேக் போகும். வீட்டு ஆள் ஒருத்தர் போதும், பிள்ளை திரும்பினாத் தெரியுற இடத்தில், ஆனா ஷாட் நேரத்தில் அவ பார்வை போற கோட்டுக்கு வெளியே. வீட்டில் வசனத்தை மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. ராகம் போட்டு ஒப்பிக்கப் பழகினா இயக்குநர் அதை உடைக்கவே அரை நாள் ஆகும். காட்சியில் என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அழற காட்சிக்குக் கண்ணில் கிளிசரின் விடச் சம்மதிக்காதீங்க, எரியும், கண்ணு சிவந்து அடுத்த ஷாட்டும் போச்சு. கன்னத்தில் தண்ணித் துளி வச்சு எடுக்கத் தெரியாத மேக்கப்காரர் கிடையாது.

வரவுசெலவு எழுதியது:

பணத்தைப் பற்றி மட்டும்.

அதே 2சி விதிப்படி, பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் எஃப்.டி.யாக (நிரந்தர வைப்பாக) நேரடியாகப் போக வேண்டும். 18 வயது ஆனதும் பிள்ளைக்கே சேரும். 2 லட்சத்தில் 40,000. இது "குறைந்தது" என்பதை அத்தானிடம் அழுத்திச் சொல்லுங்கள், பாதியைப் போட்டாலும் யாரும் தடுக்கப் போவதில்லை.

இந்த மாதிரி விதிக்கு வழி வகுத்தவர் அமெரிக்காவின் ஜாக்கி கூகன். சாப்ளினோடு 1921-ல் நடித்து உலகப் புகழ் பெற்ற பையன். வளர்ந்து பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதி இல்லை. 1938-ல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார், கிடைத்தது கொஞ்சம். 1939-ல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. அங்கே இப்போது 15 சதவீதம் ஒதுக்க வேண்டும். கூகன் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சின்னச் சின்ன வேஷங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்துக்கொண்டுதான் இருந்தார்.

செய்முறை இப்படி. முதலில் பிள்ளைக்குப் பான் கார்டு. மைனருக்கும் கிடைக்கும், பெற்றவர் பிரதிநிதியாக விண்ணப்பிக்க வேண்டும், கார்டில் படம் இருக்காது, 18 ஆனதும் புதுப்பிக்க வேண்டும். அடுத்து பிள்ளை பெயரில் காப்பாளருடன் சேமிப்புக் கணக்கு. கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ். (சம்பளம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும், 2 லட்சத்துக்கு 20,000. பான் இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். ஆகவே 40,000 எஃப்.டி., 20,000 டி.டி.எஸ்., மீதி 1,40,000 கணக்கில் வர வேண்டும்.

பிடித்த 20,000 திரும்பக் கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்தால். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். மைனரின் வருமானம் பெற்றவரின் வருமானத்தோடு சேரும் என்பது பொது விதி. ஆனால் பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது சேராது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 64(1ஏ) என்று தேடினால் வரும். ஆக நடிப்புச் சம்பளத்துக்குப் பிள்ளை பெயரில் தனித் தாக்கல், பெற்றவர் கையெழுத்து. 2 லட்சம் வரி வரம்புக்குக் கீழே இருப்பதால் பிடித்தது முழுதும் திரும்ப வரும். அந்த எஃப்.டி.யின் வட்டி வேறு கணக்கு: அது திறமையால் வந்ததல்ல, பெற்றவர்களில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும்.

வங்கி எஃப்.டி. அதிகபட்சம் 10 வருடம். பிள்ளைக்கு 18 ஆக 11 வருடம் இருக்கிறது, நடுவில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 7 சதவீத வட்டி என்று வைத்தால் 40,000 பத்து வருடத்தில் சுமார் 80,000 ஆகும்.

ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அனுமதிக் காகிதம், எஃப்.டி., டி.டி.எஸ். மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். தவணை இப்படி எழுதுங்கள்: கையெழுத்தில் கால் பங்கு, முதல் ஷெட்யூல் முடிவில் கால், இரண்டாவது முடிவில் கால், டப்பிங்குக்கு முன் கால். டப்பிங் பேசி முடித்த பிறகு பாக்கியைக் கேட்டு அலைவது பெரிய நடிகர்களுக்கே நடக்கிறது. எஃப்.டி. ரசீது நகலும் டப்பிங்குக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும்.

நெய்யூர்க்காரன் கேட்டது:

ரொம்ப நன்றி, அண்ணாச்சிமாரே. ரெண்டு சந்தேகம். பிள்ளைக்கு மேல் முன்பல் ரெண்டும் ஆட ஆரம்பிச்சிருக்கு, நாலு மாச இடைவெளியில் விழுந்துரும். படத்தில் கதை ஒரே வாரத்தில் நடக்குது. அடுத்தது, நம்ம ஊர்ப் பேச்சை வச்சுக்கிட்டு டப்பிங் பேச விடுவாங்களா?

கால்ஷீட் எழுதியது:

பல்லு ஆடுதுன்னு கையெழுத்துப் போடும் முன்னாடியே அசோசியேட் டைரக்டர்கிட்டச் சொல்லிருங்க. மறைச்சா ரெண்டாவது ஷெட்யூலில் உங்க தலையில்தான் வந்து விடியும். அவங்களுக்கு வழி ரெண்டு. வாய் திறந்து பேசுற, சிரிக்கிற குளோசப் எல்லாத்தையும் முதல் ஷெட்யூலுக்குள் கொண்டுவரலாம். இல்லைன்னா விழுந்த பிறகு பல் டாக்டர்கிட்ட கழட்டி மாட்டுற ரெண்டு பல் செட் செஞ்சுக்கலாம். அதுக்கு இப்பவே, பல் இருக்கும்போதே அளவெடுத்து வார்ப்பு வச்சுக்கணும், விழுந்த பிறகு அந்த வடிவம் கிடைக்காது. செட்டை மாட்டினா முதல் ரெண்டு நாள் 'ச', 'ஸ' குழறும், ஒரு வாரம் முன்னாடியே வீட்டில் போட்டுப் பழகட்டும். செலவு கம்பெனியோடது.

இந்த வயசில் பிள்ளைங்க வருஷத்துக்கு ஐஞ்சாறு சென்டிமீட்டர் வளரும். நாலு மாசத்தில் ரெண்டு சென்டிமீட்டர். பாவாடை விளிம்பில் ஒன்றரை இஞ்ச் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு உடுப்பும் ரெண்டு செட். முடியை வெட்டாதீங்க, மொட்டை நேர்ச்சை இருந்தாப் படம் முடிஞ்ச பிறகு வச்சுக்கோங்க. கடைசி நாள் ஷாட் முடிஞ்சதும் நாலு பக்கமும் நின்னு செல்போனில் படம் எடுத்து வச்சா, நாலு மாசம் கழிச்சு கன்டினியூட்டி பார்க்கிற பொண்ணு உங்களைக் கும்பிடுவா. முட்டம் வெயிலில் பத்து நாள் நின்னா நிறம் ஒரு படி இறங்கும். தக்கலை வீட்டுக் காட்சிகளை முதல்ல எடுத்தா அது கதைக்கு ஒட்டுமான்னு அவங்களே பார்த்துக்குவாங்க, நீங்க ஞாபகப்படுத்தினாப் போதும்.

பழைய ரீல் எழுதியது:

பேச்சைப் பற்றி. கதை குமரியில் நடந்தா நம்ம ராகம் அவங்களுக்கு வரப்பிரசாதம், மாத்த வேண்டாம். சென்னைப் பிள்ளை கதைன்னா வேற குரல் போட வாய்ப்பு அதிகம். பிள்ளையின் சொந்தக் குரல்தான் வேணும்னு உங்களுக்கு எண்ணம் இருந்தா அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக் கேளுங்க, பின்னாடி கேட்டா நடக்காது. டப்பிங்குக்குன்னு தனியா நாள் குறிக்கச் சொல்லுங்க. ஏழு வயசுக்கு ஒரு மணி நேரம் பேசி அரை மணி நேரம் ஓய்வு, காலையில் மட்டும். ஷூட்டிங்கில் பேசின பைலட் ஆடியோவை முதல்ல கேக்க வச்சா, தன் குரலையே பின்தொடர்ந்து பேசிரும். சின்னப் பிள்ளைங்க உதட்டைப் பார்த்துப் பேசுறதில்லை, காதால கேட்டுத்தான் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியருக்கு கால்ஷீட் தேதியோட கடிதம் கொடுத்துருங்க. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரத்தை ஒப்பந்தத்திலேயே விலக்கிருங்க.

ஒழுகினசேரி எழுதியது:

யாரும் கோவளத்தைத் தொடலை. களியக்காவிளை தாண்டினா மாவட்டமும் மாநிலமும் மாறுது. விதி சொல்றது படம் எடுக்கிற மாவட்டத்தின் கலெக்டர். அந்தக் கடைசி மூணு நாளைக்கு நாகர்கோவில் அனுமதி செல்லாது, திருவனந்தபுரம் கலெக்டர்கிட்டத் தனியா வாங்கணும். மூணு நாள்தானேன்னு மேனேஜர் இழுப்பார், விட்டுக்கொடுக்காதீங்க. தக்கலையில் அதுக்கு நேர் எதிர்க் குழப்பம் வரும்: பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ளே ஷாட் வச்சா, அரண்மனை கேரளத் தொல்லியல் துறை கையில் இருக்கிறதால இடத்துக்கான அனுமதி அங்கேயிருந்து வரணும், பிள்ளைக்கான அனுமதி நம்ம கலெக்டர்தான். திங்கக்கிழமை அரண்மனை பார்வையாளருக்கு விடுமுறை, ஷூட்டிங்காரங்க அந்த நாளைத்தான் கேப்பாங்க. பிள்ளைக்கு அது பள்ளிக்கூட நாள்னு இப்பவே சொல்லி வைங்க.

அக்காகிட்ட ஒண்ணு சொல்லுங்க. "ஒரு படத்தோட போதும்"னு இருக்கிறவங்க அதையும் காகிதத்தில் பார்த்துக்கணும். "அடுத்த மூணு படம் எங்க கம்பெனிக்கே"ன்னு ஒரு வரி நடுப்பக்கத்தில் கிடக்கும். இருந்தா அடிச்சுட்டு, அடிச்ச இடத்தில் ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்க.

நெய்யூர்க்காரன் எழுதியது:

இருக்கு. நாலாம் பக்கம், 11-வது ஷரத்து. அது மூணு இல்லை, அஞ்சு படம். அத்தான்கிட்ட இப்பத்தான் காட்டினேன், அவர் பேனாவைத் தேடுறாரு.